நெகட்டிவ் யார் கையில்?

நைல்ஸ்

அக்கா மகன் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. போய் இறங்கிய மூன்றாம் நாளே எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. கலிஃபோர்னியாவுக்கு வந்திருக்கிறோம் என்பதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை. காலையில் தோசைக் கடை வாசலில் கூட்டம். மளிகைக் கடையில் முருங்கைக்காயும் நேந்திரங்காய் உப்பேரியும். பூங்காவில் எதிரே வந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் “எந்த ஊரு?” என்றார், அவருக்குத் தென்காசி. “இதுக்கு நான் வடசேரியிலயே இருந்திருப்பேனே மக்கா” என்று அலுத்துக்கொண்டேன். “சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க மாமா. ஒரு கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரிய தாத்தா இருந்தா குதிச்சிருப்பாரு” என்றான்.

அவன் பெரிய தாத்தா என்று சொல்வது என் பெரியப்பாவை. டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். படத்தின் கதை, நடிகர், பாட்டு எதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. பெட்டி வந்தாச்சா, எத்தனை ரீலு, எத்தனை ஒட்டு, இவ்வளவுதான் கேட்பார். பழைய படம் எதையாவது நாங்கள் புகழ்ந்தால் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாக வரும்: “நெகட்டிவ் யாருகிட்ட இருக்கு?” நெகட்டிவ் கடன் கொடுத்தவனிடம் போய் முடங்கிவிட்டால் புதுப் பிரதி வராது; ஓடித் தேய்ந்த பிரதியோடு படமும் போய்ச் சேரும். அவருக்குப் படம் என்பது அந்த ஒரு சுருள்தான்.

நைல்ஸ் ஒரு காலத்தில் தனி ஊர். 1956இல் பக்கத்து நாலு ஊர்களோடு சேர்த்து ஃப்ரீமாண்ட் என்று நகரமாக்கினார்கள். ஆனாலும் அது இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. மொட்டைக் குன்றின் சரிவில் ஊர்ப் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே கடைத்தெரு, பாதிக் கடைகளில் பழைய சாமான்கள். தெருவுக்கு இணையாகத் தண்டவாளம். சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில்தான் 1913இல் கட்டிய எடிசன் தியேட்டர் இருக்கிறது. இப்போது அது மௌனப்பட அருங்காட்சியகம். சனிக்கிழமை இரவுகளில் பியானோவோடு படம் போடுகிறார்கள்.

டிக்கெட் கிழிப்பது, பாப்கார்ன் கொடுப்பது, ஆபரேட் செய்வது எல்லாமே சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். வாசலில் இருந்த பாட்டிக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். என் பெரியப்பா ஆபரேட்டர் என்று அக்கா மகன் சொன்னதும் என்னை நேரே மேலே ஆபரேட்டர் அறைக்கு அனுப்பிவிட்டார். குனிந்து நுழைய வேண்டிய பொந்து. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. எரியத் தேவையான பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆபரேட்டர் அறையை அடைத்துக் கட்டுவது ஆபரேட்டரைக் காப்பாற்ற இல்லை, கீழே இருக்கிறவர்களைக் காப்பாற்ற என்று பெரியப்பா சொல்வார். அதே வாக்கியத்தை இங்கே ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று போட்டது ‘தி சாம்பியன்’. 1915இல் சாப்ளின் இதே ஊரில் எடுத்தது. முதல் காட்சியில் ஒரு படிக்கட்டில் நாயோடு உட்கார்ந்திருக்கிறார். கையில் இருப்பது ஒரே ஒரு சாசேஜ். நாய்க்கு நீட்டுகிறார்; முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்துத் தூவுகிறார், அப்புறம்தான் தின்கிறது. நாய் முகத்தைத் திருப்பும் அந்தக் கணத்தில் பியானோக்காரர் இரண்டு கைகளையும் கட்டையிலிருந்து தூக்கிவிட்டார். உப்பு விழ விழ ஒற்றை விரலால் மேல் கட்டைகளை மட்டும் தட்டினார். என் முன் வரிசையில் ஒரு ஐந்து வயதுக் குழந்தை சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன நாய்.

எஸ்ஸனே என்ற கம்பெனியை ஸ்பூர், ஆண்டர்சன் என்று இரண்டு பேர் 1907இல் சிகாகோவில் தொடங்கினார்கள். ‘எஸ்’, ‘ஏ’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ஒலித்ததுதான் பெயர். ஆண்டர்சன்தான் பிராங்கோ பில்லி, திரையின் முதல் கௌபாய் நாயகன். மேற்கத்திப் படம் எடுக்க மலையும் வெயிலும் தேடி 1912இல் நைல்ஸில் ஸ்டூடியோ போட்டார். கீஸ்டோன் கம்பெனியில் வாரம் 150 டாலரில் சேர்ந்த சாப்ளினை 1,250 டாலர் கொடுத்து எஸ்ஸனே இழுத்துக்கொண்டது. அவர் நைல்ஸில் ஐந்து படங்கள் எடுத்தார். ‘தி டிராம்ப்’ அதில் கடைசி. முதுகைக் காட்டிக்கொண்டு சாலையில் தனியாக நடந்துபோகும் அந்த முடிவு, பின்னால் அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது, நைல்ஸ் பள்ளத்தாக்குச் சாலையில் எடுத்ததுதான்.

எஸ்ஸனேயில் அவருக்கு வயிறெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எடுத்ததைப் போட்டுப் பார்க்க அங்கே பிரதி எடுக்க மாட்டார்களாம். காசு மிச்சம் பிடிக்க மூல நெகட்டிவையே புரொஜெக்டரில் ஓட்டுவார்களாம். பிரதி எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, கம்பெனியைத் திவாலாக்க வந்தவன் போல அவரைப் பார்த்திருக்கிறார்கள். பெரியப்பாவாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

அதைவிடப் பெரிய அடி அவர் வெளியேறிய பிறகு விழுந்தது. ‘கார்மென்’ கதையைக் கிண்டலடித்து இரண்டு ரீலில் ஒரு படம் முடித்துக் கொடுத்திருந்தார். அவர் போனதும், வெட்டிப் போட்டிருந்த துண்டுகளை ஒட்டி, வேறு ஆட்களை வைத்துப் புதிதாகக் காட்சிகள் எடுத்துச் சேர்த்து, நாலு ரீல் படமாக்கி 1916இல் வெளியிட்டார்கள். சாப்ளின் வழக்குப் போட்டார், தோற்றார். நெகட்டிவ் கம்பெனியுடையது, கம்பெனி எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். அதற்குப் பிறகு கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில், முடித்த படத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

“சாப்ளினுக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை தெரியுமா?” என்றார் பாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டே. “மூன்று மாதம்கூட ஒழுங்காகத் தங்கவில்லை. நாங்கள்தான் இன்னும் அவரை விடவில்லை.” ஸ்டூடியோவை 1933இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது தீயணைப்பு நிலையம்.

ஐந்தாம் எண் சாலை

தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் வரை நாள் முழுக்கக் கார் பயணம். பச்சேகோ கணவாய் தாண்டினால் சான் லூயிஸ் நீர்த்தேக்கம். சுற்றிலும் சிங்கத்தின் முதுகு நிறத்தில் காய்ந்த புல் குன்றுகள். எங்கள் பக்கத்தில் மலை என்றால் பச்சை, மேலே மேகம், அடிவாரத்தில் வாழை. அந்தக் கண்ணுக்கு இவை மலையாகவே படவில்லை. அப்புறம் பாதாம் தோப்பு. கோடு போட்டது போல மரங்கள், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஆள் நடமாட்டமே இல்லாமல். ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, அவன் மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தையும் நாரத்தங்காயையும் தின்றோம். பக்கத்து மேசை லாரி டிரைவர் ஊறுகாய் வாசனைக்குத் தலையைத் திருப்பினார். ஒரு துண்டு கொடுத்தோம். தின்றுவிட்டு நெடுநேரம் எதுவும் பேசாமல் இருந்தார்.

படக்காரர்கள் மேற்கே ஓடி வந்ததற்கு வெயில் ஒரு காரணம். இன்னொன்று, 1908இல் எடிசன் தலைமையில் காமிரா, புரொஜெக்டர் காப்புரிமைக்காரர்கள் சேர்ந்து போட்ட கூட்டு. அதற்குக் கப்பம் கட்டாமல் படம் எடுத்தால் வக்கீல் வருவார், சில நேரம் அடியாளும் வருவான். நியூயார்க்கிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. அந்தக் கூட்டுக்கு எதிராகச் சுதந்திரம் கேட்டு ஓடி வந்த சின்ன முதலாளிகள் பத்தே வருஷத்தில் அதைவிடப் பெரிய கூட்டு போடப் பார்த்தார்கள். அதை லாஸ் ஏஞ்சலஸின் பிராட்வே தெருவுக்குப் போனதும் சொல்கிறேன்.

லா ப்ரேயா

சன்செட் புலவார்டுக்குக் கொஞ்சம் தெற்கே, லா ப்ரேயா சாலையில், பெட்ரோல் பங்குக்கும் கடைகளுக்கும் நடுவில் திடீரென்று இங்கிலாந்துக் கிராமம் ஒன்று வருகிறது. கூர்ங்கூரை, கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், புகைபோக்கி. லண்டன் சேரியில் வளர்ந்த சாப்ளின் தனக்கென்று ஸ்டூடியோ கட்டும்போது, தான் ஒருநாளும் குடியிருந்திராத அழகான இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டார். நாங்கள் போன சமயம் வாசலுக்கு மேலே கெர்மிட் தவளை, சாப்ளின் தொப்பியும் கைத்தடியுமாக நின்றுகொண்டிருந்தது. பொம்மலாட்டக் கம்பெனி ஒன்று இடத்தை வாங்கியிருந்தது. உள்ளே விடமாட்டார்கள். கேட் கம்பிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

1916இல் மியூச்சுவல் கம்பெனி அவருக்கு வாரம் 10,000 டாலரும் மேலே 1,50,000 டாலரும் கொடுத்தது. அப்போது வயது 26. மறு வருஷம் ஃபர்ஸ்ட் நேஷனல் எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் பேசியது. ஆனால் இந்த முறை அவர் கேட்டது பணம் மட்டும் இல்லை. படச்செலவு அவருடையது, ஸ்டூடியோ அவருடையது, நாள் கணக்கும் அவருடையது. 1918 ஜனவரியில் ஸ்டூடியோ தரையின் ஈரச் சிமெண்டில் காலணித் தடம் பதித்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டூடியோ கட்டியதையே படம் பிடித்து வைத்திருக்கிறார். அதில் அந்தக் குடில்கள் மழைக் காளான் போல மடமடவென்று முளைக்கின்றன.

அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் செய்ததில் பெரும்பாலானது காத்திருப்பதுதான். ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் கண் தெரியாத பூக்காரி நாயகனைப் பணக்காரன் என்று எப்படித் தவறாக நினைக்கிறாள்? அதற்குப் பதில் கிடைக்காமல் மாதக்கணக்கில் அந்த ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். 342 டேக் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடுவில் நடிகை வர்ஜீனியா செரிலை வேலையை விட்டே அனுப்பிவிட்டு, வேறு ஆளை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் கிடைத்த விடை ஒரு கார் கதவு. நெரிசலில் நிற்கும் காருக்குள் புகுந்து மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. மௌனப் படத்தில் ஒரு சத்தம்! சம்பளக்கார டைரக்டராக இருந்தால் மூன்றாம் நாளே கணக்கை முடித்திருப்பார்கள்.

இதே கேட்டுக்குள்ளே நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1926இல் தன்னுடைய பழைய கதாநாயகி எட்னா பர்வியன்ஸுக்காக ஒரு படத்தைத் தயாரித்தார். இயக்கியவர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க், பின்னால் ‘தி ப்ளூ ஏஞ்சல்’ எடுத்தவர். படம் சாப்ளினுக்குப் பிடிக்கவில்லை, வெளியிடவே இல்லை. 1933இல் வரிக் கணக்கில் நஷ்டமாகக் காட்டுவதற்காகச் சாட்சிகளை வைத்துக்கொண்டு நெகட்டிவை எரித்தார். எஸ்ஸனே தன் படத்தை இழுத்து நீட்டியதற்கு நீதிமன்றம் ஏறியவர், இன்னொருவன் படத்தைச் சாம்பலாக்கினார். வழக்குப் போட ஸ்டெர்ன்பெர்க்குக்கு இடமில்லை, நெகட்டிவ் சாப்ளினுடையது. கேட் கம்பியைப் பிடித்தபடி இதை நான் சொன்னபோது, “நல்ல மனுஷன்னுல்லா நெனச்சேன்” என்றான் அக்கா மகன். அவனுக்குக் கோபம் வந்தால்தான் நாகர்கோவில் வரும்.

கவெங்கா சந்து

ஹாலிவுட் புலவார்டின் நடைபாதை நட்சத்திரங்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மிதித்துக்கொண்டு நடக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கவெங்கா சாலை ஓரமாக ஒரு சந்து இருக்கிறது. முன்பு குப்பை வண்டி போகிற முடுக்கு. சாப்ளின் ‘தி கிட்’ படத்துக்கும், பஸ்டர் கீட்டன் ‘காப்ஸ்’ படத்துக்கும், ஹெரால்டு லாயிட் ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்துக்கும் இதற்குள்தான் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது மூவர் பெயரையும் சேர்த்துச் சந்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். விளக்குச் சரம் தொங்குகிறது, மேசை போட்டுப் பீர் கொடுக்கிறார்கள்.

‘காப்ஸ்’ படத்தில் இந்தச் சந்து முனையில் கீட்டன் நிற்கிறார். பின்னால் போலீஸ் துரத்தி வருகிறது. முன்னால் ஒரு கார் கடந்து போகிறது. தலையைக்கூடத் திருப்பாமல் ஒரு கையை நீட்டி அதைப் பிடிக்கிறார். அடுத்த நொடி உடம்பு கிடைமட்டமாகப் பறந்து சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஏமாற்று வேலை கிடையாது, ஒரு கையும் ஒரு காரும்தான். அந்த முனையில் நின்று போகிற கார்களை எண்ணிப் பார்த்தேன். தோள்பட்டை தன்னால் வலித்தது.

மூவரில் லாயிட் தன் படங்களைத் தானே வைத்துக்கொண்டார். சாப்ளினும் அப்படியே. கீட்டன் வைத்துக்கொள்ளவில்லை. சந்திலிருந்து நடக்கிற தூரத்தில், லில்லியன் வே, எலினார் தெருக்களின் மூலையில் அவர் ஸ்டூடியோ இருந்தது. அதற்கு முன்னால் அதே இடத்தில்தான் சாப்ளின் மியூச்சுவல் படங்களை எடுத்தார். 1920 முதல் 1928 வரை கீட்டன் அங்கே ராஜா. எழுதி முடித்த திரைக்கதை கிடையாது, ‘ஷெட்யூல்’ கிடையாது. யோசனை முட்டிக்கொண்டால் எல்லாருமாகப் பேஸ்பால் ஆடுவார்கள். ஆனால் ஸ்டூடியோ ஜோசஃப் ஷெங்க் என்பவருடையது. ஷெங்க்கும் கீட்டனும் சகலைகள். டால்மட்ஜ் சகோதரிகளைக் கட்டியவர்கள். சகலையிடம் பத்திரம் எழுதி வாங்குவது நம் ஊரிலும் கௌரவக் குறைச்சல்தான். ‘தி ஜெனரல்’ படத்துக்காக நிஜ ரயிலை நிஜப் பாலத்தோடு ஆற்றில் தள்ளினார். செலவு எகிறியது, வசூல் வரவில்லை. 1928இல் ஷெங்க் அவரை எம்.ஜி.எம். கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். போகாதே என்று சாப்ளின் சொன்னார், லாயிட் சொன்னார். போனார். அங்கே எழுத்தாளர்கள், மேற்பார்வையாளர்கள், பட்ஜெட் தாள்கள். ஐந்தே வருஷத்தில் குடியும் வேலையிழப்பும்.

லில்லியன் வே மூலையில் இப்போது ஸ்டூடியோவின் செங்கல்கூட இல்லை. கீட்டனின் பழைய பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பின்னாளில் நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். 1950களில் அங்கே பூட்டிக் கிடந்த அறையிலிருந்து கீட்டனின் படச்சுருள்கள் கிடைத்தன. உலகம் அவரை இரண்டாம் தடவை கண்டுபிடித்ததில் அந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு.

சந்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டே அக்கா மகனுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். நாகர்கோவில் சுந்தர்ராஜ் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலை மௌனப் படமாக எடுத்து 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியிட்டார். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படப்பெட்டி பறிமுதலாகிப் பதிப்பகத்திடமே போயிற்று. சுந்தர்ராஜுக்கு எல்லாம் நஷ்டம். ஆனால் அந்தப் பெட்டி புத்தகக் கிட்டங்கியில் கிடந்ததால்தான் தப்பியது. 1974இல் அதை மீட்டார்கள்; இப்போது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல் சொத்தை விற்று எழுதி, இயக்கி, நடித்த ‘விகதகுமாரன்’ அவர் வீட்டிலேயே பத்திரமாக இருந்தது. சின்ன வயது மகன், ஃபிலிம் எரியும்போது வருகிற நீலச் சுடர் அழகாக இருக்கிறதென்று ஒவ்வொரு சுருளாகக் கொளுத்தி விளையாடித் தீர்த்துவிட்டான்.

“அப்போ எதிரி கையில இருந்தா பிழைக்கும், சொந்தக்காரன் கையில இருந்தா எரியுமா?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியப்பாவிடம் கேட்டிருந்தால், கொட்டகைக்காரன் கையில் இருந்தால்தான் ஓடும் என்றிருப்பார்.

ஃபார்மோசா

சாண்டா மோனிகா புலவார்டில், ஃபார்மோசா தெரு மூலையில் 1904ஆம் வருஷத்து டிராம் பெட்டி ஒன்றை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்ட சிவப்பு உணவகம். டிராம் இருக்கையில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றோம். எதிரே இருக்கிற ஸ்டூடியோவை 1922இல் மேரி பிக்ஃபோர்டும் அவர் கணவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் வாங்கினார்கள். ‘ராபின் ஹுட்’ கோட்டையை எழுப்பியது அந்த மைதானத்தில்தான்.

சாப்ளின், மேரி, ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் கிரிஃபித் என்று 1919இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கிய நான்கு பேரில் எனக்கு மேரியைத்தான் மிகவும் பிடிக்கும். தங்கச் சுருள்முடி, குழந்தை முகம். மேசைக்கு அந்தப் பக்கம் அடால்ஃப் சூக்கர் போன்ற முதலாளிகள். இந்தப் பக்கம் மேரியும் அம்மா ஷார்லட்டும். சாப்ளினுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு காசு குறையாமல் கேட்பார்களாம். 1916இலேயே தன் பெயரில் தயாரிப்புக் கம்பெனியும் லாபத்தில் பாதியும் வாங்கிவிட்டார். அவருக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. பிக்ஃபோர்ட் படம் வேண்டுமென்று கொட்டகைக்காரர் கேட்டால், கூடவே கம்பெனியின் பத்துப் பதினைந்து சவலைப் படங்களையும் எடுத்தாகவேண்டும். ரேஷன் கடையில் சீனி வேண்டுமானால் சோப்பும் வாங்கு என்பார்களே, அதே கணக்கு. தன் சீனி அடுத்தவன் சோப்பை விற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளியிடமிருந்து தப்பினார். ரசிகர்களிடமிருந்து தப்ப முடியவில்லை. 33 வயதில் ‘லிட்டில் ஆனி ரூனி’யில் தெருவில் சண்டை போடும் சிறுமியாக நடித்துக்கொண்டிருந்தார். 1921இல் ‘லிட்டில் லார்ட் ஃபாண்ட்லெராய்’ படத்தில் மகனும் அவரே, அம்மாவும் அவரே. மகன் அம்மாவுக்கு முத்தம் கொடுக்கும் மூன்று நொடிக் காட்சிக்கு, ஒரே ஃபிலிமில் இரண்டு முறை ஒளி விழவைத்து, பதினைந்து மணி நேரம் உழைத்தார்கள். பெரிய பெண்ணாக நடித்தால் கடிதம் கடிதமாக எதிர்ப்பு வரும். அம்மா இறந்த 1928இல் நியூயார்க்கில் போய் முடியை வெட்டிக்கொண்டார். அது பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. மறு வருஷம் வந்த ‘கோகெட்’ என்ற பேசும் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் 1933க்குப் பிறகு நடிக்கவே இல்லை.

தன் படங்கள் பலவற்றின் நெகட்டிவுகள் அவரிடம்தான் இருந்தன. தான் செத்த பிறகு அவற்றை எரித்துவிடவேண்டும் என்று நினைத்தார். புதுத் தலைமுறை பார்த்துச் சிரிக்கும் என்ற பயம். தோழி லில்லியன் கிஷ் பேசிப் பேசித் தடுத்தார்.

உணவகத்தின் பின்னறையில் ஹாலிவுட்டின் சீன வம்சாவளி நடிகர்களின் படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். அன்னா மே வாங் எதிர் ஸ்டூடியோவில் ஃபேர்பேங்க்ஸோடு ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’தில் நடித்தவர், வேடம், துரோகம் செய்யும் அடிமைப் பெண். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த பெண்ணுக்கு அங்கே கதாநாயகி வேடம் கிடைப்பது அரிதாகி, 1928இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அவருக்கும் முன்னால் ஜப்பானிய நடிகர் செசூ ஹயகாவா. ‘தி சீட்’ படத்தில் வெள்ளைக்காரியின் தோளில் சூடு போடும் வில்லனாக வந்து 1915இல் பெண்களின் கனவு நாயகனானார். அந்த ஒரே வேடத்தை மறுபடி மறுபடி நீட்டினார்கள். 1918இல் ஹவார்த் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி இருபது படங்களுக்குப் பக்கமாக எடுத்தார். யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸுக்கு ஒரு வருஷம் முந்தியே! சினிமா வரலாறு சொல்பவர்கள் நால்வரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கல்லறைத் தோட்டம்

சாண்டா மோனிகா புலவார்டிலேயே கிழக்கே போனால் ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறைத் தோட்டம். மயில்கள் திரிகின்றன. ஃபேர்பேங்க்ஸின் சமாதிக்கு முன்னால் நீண்ட தடாகம், அல்லி. பழனி தெப்பக்குளத்தில் பாதி இருக்கும்.

நாங்கள் தேடிப்போனது வேறொரு கல், தரையோடு தரையாகப் பதித்தது. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். 1909 வாக்கில் அமெரிக்காவே அவரை, நடித்த கம்பெனியின் பெயரால், ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் அறியும்; பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் தெரிந்தால் புகழ் வரும், புகழ் வந்தால் கூலி கேட்பாள். கார்ல் லெம்லே அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்து, டிராம் விபத்தில் இறந்துவிட்டார் என்று செய்தி கிளம்பவிட்டு, பிறகு அது பொய் என்று தானே விளம்பரம் கொடுத்து, 1910இல் செயின்ட் லூயிஸில் கொண்டுபோய் நிறுத்தினார். கூட்டம் மொய்த்துவிட்டது. பெயரோடு திரையில் வாழ்ந்த முதல் நட்சத்திரங்களில் ஒருவர். 1912இல் கணவரோடு சேர்ந்து விக்டர் என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார். தீ விபத்துக் காட்சியில் காயம்பட்டு ஓரங்கட்டப்பட்டவர், கடைசியில் எம்.ஜி.எம்மில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வாரக்கூலி வாங்கினார். 1938இல் தன் கையாலேயே முடித்துக்கொண்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த இடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. 1991இல் நடிகர் ராடி மெக்டவல் தன் காசில் இந்தக் கல்லைப் போட்டார். அதில் முதல் திரை நட்சத்திரம் என்று பொறித்திருக்கிறது. பிறந்த வருஷம் தப்பு.

அக்கா மகன் கல்லின் மேல் கிடந்த புல்லைக் கையால் தள்ளிவிட்டான். மயில் ஒன்று அகவியது. அந்தச் சத்தம் மட்டும் அப்படியே விராலிமலை.

பிராட்வே

கடைசி நாள் டவுன்டவுன். 1917 முதல் நடக்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் புபூசா தின்றோம். சோள மாவில் பயறும் சீஸும் அடைத்துக் கல்லில் சுட்டது. காரப் போளி என்று சொல்லலாம். எல் சால்வடோர்க்கார அம்மா மாவை உள்ளங்கையில் வைத்துத் தட்டிய தாளம் என் அம்மை வடை தட்டும் தாளம்.

ஐந்தாம் தெருவும் ஸ்பிரிங் தெருவும் கூடுமிடத்தில் அலெக்சாண்ட்ரியா ஓட்டல் இன்னும் நிற்கிறது. 1919 தொடக்கத்தில் அங்கே கொட்டகை முதலாளிகள் கூடினார்கள். ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட்ட நட்சத்திரங்கள், சாமர்த்தியசாலியான ஒரு துப்பறியும் பெண்ணை ஓட்டலில் உலவவிட்டார்கள். அவள் ஒரு முதலாளியிடம் சிரித்துப் பேசிக் கறந்துகொண்டு வந்த செய்தி: தயாரிப்புக் கம்பெனிகளையெல்லாம் இணைத்து நாலு கோடி டாலர் கூட்டு, எல்லாக் கொட்டகைகளோடும் ஐந்து வருஷ ஒப்பந்தம். கூட்டு வந்துவிட்டால் நட்சத்திரங்களுக்குப் பேரம் பேச ஆளே இருக்காது. உடனே சாப்ளின், பிக்ஃபோர்ட், ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் கிரிஃபித் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரே மேசையில் உட்கார்ந்து, மேசை விரிப்பில் ஏதோ கணக்குப் போடுவது போல நடித்தார்கள். முதலாளிகளை மிரட்டத்தான். மிரட்டல் அவர்களுக்கே பிடித்துப்போய், பிப்ரவரி 5ஆம் தேதி யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் உண்மையாகவே பிறந்தது. பைத்தியங்கள் கையில் ஆஸ்பத்திரி போய்விட்டது என்று மெட்ரோ கம்பெனித் தலைவர் கேலி செய்தார்.

கம்பெனியின் வேலை விநியோகம் மட்டும். ஒவ்வொருவரும் தன் காசில் எடுக்கவேண்டும், லாபமும் நஷ்டமும் தன் தலையில். சாப்ளினோ பழைய ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு 1923 வரை ஒரு படமும் தரமுடியவில்லை. அந்த இடைவெளியில்தான் ‘தி கிட்’. விவாகரத்து வக்கீல்கள் நெகட்டிவை ஜப்தி செய்ய வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுருள்களைக் காப்பித் தகரங்களில் அடைத்துக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்கு ஓடி, ஓட்டல் அறையில் வைத்து எடிட் செய்தார். கட்டில், நாற்காலி, கழிப்பறை எங்கும் ஃபிலிம். எங்கள் ஊரில் படப்பெட்டி சைக்கிளில் போகும். இவர் நெகட்டிவையே காப்பித் தகரத்தில் கடத்தியிருக்கிறார்.

பிராட்வேயில் தெற்கே நடந்தால் 1927இல் அவர்கள் திறந்த யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் தியேட்டர், ஸ்பானிய தேவாலயம் மாதிரி ஊசி ஊசியாக. உள்ளே சுவரோவியங்களில் நட்சத்திரங்களோடு பூதங்களும் இருக்கின்றன, பூதங்களுக்குப் போட்டிக் கம்பெனி முதலாளிகளின் முகச்சாயல் என்கிறார்கள். பூட்டியிருந்தது. திரும்பி வடக்கே வந்தோம். லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டரும் பூட்டித்தான் இருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தால் பளிங்கும் தங்க முலாமும் இருட்டில் மங்கலாகத் தெரிகின்றன. 1931 ஜனவரி 30 அன்று ‘சிட்டி லைட்ஸ்’ படத்தோடு திறந்த கொட்டகை. எல்லாரும் பேசும் படத்துக்குப் போய்விட்ட காலத்தில், சொந்தப் பணம் பதினைந்து லட்சம் டாலர் போட்டு ஒருவர் மௌனப் படம் காட்டுகிறார். பக்கத்தில் ஐன்ஸ்டீன். மூன்று ரீல் ஓடியது, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். திடீரென்று படம் நின்றது, விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல்: படத்தைத் தொடரும் முன்னால், இந்தப் புதிய தியேட்டரின் அழகை உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம். நெகட்டிவ் சாப்ளினுடையது, கதை அவருடையது, இசைகூட அவருடையது. ஆனால் சுவிட்ச் மேனேஜர் கையில். சாப்ளின் கத்திக்கொண்டு மேனேஜரைத் தேடி ஓடினார்.

அக்கா மகன் சிரித்துவிட்டான். “இன்டர்வெல் விட்டிருக்கான் மாமா! நம்ம ஊரா இருந்தா ஒருத்தனும் கோவிச்சிருக்க மாட்டான்.”

தெருமுனையில் வண்டிக்கார அம்மா மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நீள நீளத் துண்டு, மேலே எலுமிச்சை, மிளகாய்ப்பொடி, உப்பு. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கிக்கொண்டு பூட்டிய தியேட்டர் வாசலிலேயே நின்று தின்றோம்.